உயிர்ச்சொல் சான்று

பொழிலன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் துலக்கினான். சார்ஜில் கிடந்த தொண்டைப்பொட்டை எடுத்துக் கழுத்துக் குழிக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டான். ஒரு டம்ளர் அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தான். முன்பெல்லாம் இரண்டு டம்ளர். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் போனில் பதிந்திருந்த அந்த அழைப்பை ஒருமுறை கேட்டுவிடலாம். நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

"ஒங்கூட இருந்த நாலு வருஷமே போதும்னு சில நேரம் தோணுது பொழிலு" என்றது மனைவி ஆதினியின் குரல். "அப்புறம் பேராசையும் வருது."

"பேராசப்படு. நான் எங்க போயிறப் போறேன்" என்றது அவனுடைய குரல்.

அப்படி ஒரு பதிலை அவன் சொல்லவே இல்லை. அந்த நேரத்தில் அவன் அலுவலகத்தில் யாருக்கோ படிவம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அழைப்பு முடிந்தது. அடுப்பை அணைத்தான். குளித்தான். தயிர்சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினான்.

அறந்தாங்கியில் துணைக்குரல் இல்லாத ஆள் கிடையாது. வேலையில் இருக்கும்போதும், தூங்கும்போதும், பேசப் பிடிக்காதபோதும் அந்தக் கருவி போனில் நமக்காகப் பேசும். நம் குரலில், நம் வழக்கில், நம்மைவிடக் கொஞ்சம் பொறுமையாக. எதிர்முனையில் இருப்பவரும் தன் துணைக்குரலைப் பேசவிட்டிருக்கலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால், தனக்கு வந்த அழைப்பில் பேசியது மனிதரா துணைக்குரலா என்று ஒருவர் கேட்டால், மாவட்டத் தணிக்கை அலுவலகம் பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

அளவைகளுக்கு முதல் கவுண்டர். நிலப் பெயர்மாற்றத்துக்கு இரண்டாவது. குரலுக்கு மூன்றாவது. பொழிலன் மூன்றாவதில் உட்கார்ந்திருந்தான். வேலை எளிது. மனிதர் பேசினால் தொண்டை அதிரும். பொட்டு அதைப் பதியும். துணைக்குரல் பேசினால் தொண்டையில் ஒன்றும் இருக்காது. அழைப்பையும் அதிர்வுப் பதிவையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் போதும். அதிர்வோடு பொருந்துவது உயிர்ச்சொல். மற்றதெல்லாம் ஆக்கச்சொல்.

அன்று முதலில் வந்தவள் ஜோஷிகா. ஐம்பது வயதிருக்கும். கையில் ஒயர் கூடை.

"சார், எங்க வீட்டுக்காரரு போன வெள்ளிக்கெழம போன்ல மன்னிப்புக் கேட்டாரு. அது அவரா, மெஷினான்னு பாத்துச் சொல்லுங்க."

"அதான் கேட்டுட்டாரேக்கா, அப்புறம் என்ன?"

"முப்பது வருஷமா கேக்காத மனுசன் திடீர்னு கேட்டா சந்தேகம் வராதா? அதுவும் நடுவுல 'கண்ணு'ன்னு வேற சொன்னாரு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பொழிலன் படிவத்தைத் தள்ளினான். அதன் ஆறாவது கட்டத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். 'எது உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?' தணிக்கையாளர் அதைப் படிக்க மாட்டார். முடிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுதும்போது ஒருமுறை யோசிக்கட்டும் என்றுதான் வைத்திருந்தார்கள். எழுதாமல் எழுந்து போனவர்கள் உண்டு. ஜோஷிகா பேனாவை வாங்கி, யாருக்கும் தெரியாதபடி கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

பத்து நிமிடத்தில் முடிவு வந்தது.

"ஆறு நிமிஷ அழைப்புல அஞ்சே முக்கால் நிமிஷம் மெஷின்தான்க்கா. கடைசியில மட்டும் அவரு பேசியிருக்காரு."

"என்ன சொன்னாரு?"

"'சாப்ட்டியா, வச்சிரவா'ன்னு."

"அது அவரேதான்" என்றாள். "மன்னிப்பு?"

"மெஷின்."

"அப்ப அந்த மெஷினோடயே குடும்பம் நடத்திக்கிறேன்னு சொல்லிற வேண்டியதுதான்."

மறுபடியும் சிரிப்பு. சான்றை மடித்துக் கூடையில் வைத்தவள் நகரவில்லை.

"கடைசியில அவரே வந்து எடுத்திருக்காருல்ல சார்?"

"ஆமா."

"எதுக்கு வந்தாரு?"

"அதுக்கு இங்க சான்று குடுக்கறதில்லக்கா."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பொழிலன் அடுத்த எண்ணைக் கூப்பிட்டான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தான் நிரப்பிய படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே ரிஸ்வானாவிடம் போனான். அவள் சரிபார்ப்பு அலுவலர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. ஊழியர்கள் தங்கள் வீட்டு அழைப்பைத் தாங்களே தணிக்கை செய்யக்கூடாது என்பது விதி.

ரிஸ்வானா படிவத்தைப் பார்த்தாள். பெயர்: ஆதினி. இறந்த நாள் வருகிற இடத்தில் போன வருடத்துத் தேதி; நாளையோடு ஓராண்டு. இறந்தவரின் அதிர்வுப் பதிவை ஓராண்டுதான் வைத்திருப்பார்கள்.

"இவ்வளவு நாள் என்ன தம்பி பண்ணுன?"

"தெனமும் நாளைக்குப் பண்ணலாம்னு இருந்தேன்."

"ஆறாவது கட்டம் காலியா இருக்கு."

"என்ன எழுதறதுன்னு தெரியலக்கா."

"வெளிய நிக்கிறவங்க இப்படிக் குடுத்தா, யோசிச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவ. ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா? உக்காரு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

அவன் உட்கார்ந்து சொன்னான். ஆதினி புதுக்கோட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பேருந்தில் போனாள். பதினொன்று இருபதுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. வழியில் எங்கோ தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. பக்கத்து சீட்டில் இருந்த பெண், ஆதினி தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டாள். பேருந்து நிலையத்தில் தட்டி எழுப்பியபோதுதான் தெரிந்தது. பன்னிரண்டு பத்துக்கு ஆதினியின் குரல் அவனைக் கூப்பிட்டு, "வந்து சேந்துட்டேன் பொழிலு" என்று சொன்னது. பேருந்து நின்றது துணைக்குரலுக்குத் தெரியும். மற்றது தெரியாது.

"அதக் கேட்டப்புறம்தான் முன்னாடி வந்ததுலயும் சந்தேகம் வந்துச்சு. பதினொண்ணு இருபதுக்கு என் பக்கம் பேசுனது மெஷின். நான் கவுண்டர்ல இருந்தேன். அவ பக்கம் அவளே பேசியிருந்தா, அத்தனையும் ஒரு மெஷின்கிட்ட சொல்லியிருக்கா. நான்னு நெனச்சு."

"அவ பக்கமும் மெஷினா இருந்தா?"

"அப்ப அத யாரும் சொல்லல."

ரிஸ்வானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ரெண்டும் வேணாம்னு எழுதேன்."

"ஒண்ணைத்தான் எழுதணும்க்கா. விதி அப்படி."

"எனக்கே விதி சொல்றியா?"

அவன் பேனாவை வாங்கி, 'தெரியவில்லை' என்று எழுதினான். ரிஸ்வானா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரை வைத்தாள்.

"இருபது நிமிஷம் ஆகும். டீ வேணும்னா குடிச்சிட்டு வா."

அவன் போகவில்லை. கவுண்டருக்குத் திரும்பி இரண்டு பேரைக் கவனித்தான். ஒருவர் அண்ணனிடம் பேசியதாக நினைத்துத் துணைக்குரலிடம் கோபித்துக்கொண்டவர். இன்னொருவர் தவறான கவுண்டருக்கு வந்தவர். அவருக்குத் தராசு முத்திரை வேண்டியிருந்தது. முதல் கவுண்டரைக் காட்டினான்.

ரிஸ்வானா கூப்பிட்டாள்.

"மெஷின்தான் தம்பி. முழுசும்."

"சரிக்கா."

நாலு வருஷம், பேராசை, எங்க போயிறப் போறேன். இரண்டு கருவிகள் நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி கொஞ்சிக்கொண்டிருந்திருக்கின்றன. அதை அவன் ஒரு வருடமாக, காலையில் சோறு வேகும்போது கேட்டுக்கொண்டிருந்தான். தெரிந்ததும் உள்ளே ஏதாவது செய்யும் என்று நினைத்தான். ஒன்றும் செய்யவில்லை. எழுந்தான்.

"உக்காரு. இன்னும் இருக்கு" என்றாள் ரிஸ்வானா. "போன் போய்க்கிட்டு இருந்தப்ப அவ சும்மா இல்ல. பக்கத்து சீட்டுல இருந்தவங்களோட பேசிக்கிட்டு இருந்திருக்கா. அழைப்பு நேரத்துல தொண்டையில பதிஞ்சது எல்லாம் சான்றுல வரும்ல, அதுல வந்திருக்கு. ஆனா அவ பேசுனது மட்டும்தான். அந்தம்மா என்ன கேட்டாங்கன்னு இருக்காது."

"நீங்க படிச்சீங்களா?"

"சரிபாக்கணும்ல. படிச்சேன்."

"நல்லதா, கெட்டதா?"

"அதுக்கு இங்க சான்று குடுக்கறதில்லன்னு நீதான எல்லாருகிட்டயும் சொல்லுவ." அவள் தாளை நீட்டினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "நீயே படி பொழிலா."

ஒரே தாள். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் சொல். அவன் நின்றபடியே படித்தான்.

பதினொன்று இருபத்தொன்றுக்கு: "இல்லக்கா, ஜன்னல் சீட்டு நீங்களே வச்சுக்கங்க. காலையிலேருந்து தலவலி, வெயிலு ஆகல."

இருபத்திரண்டுக்கு: "வெள்ளரிப் பிஞ்சா? ஒண்ணு போதும். அய்யோ, ஒண்ணு போதும்க்கா." அதன் பக்கத்தில் 'சிரிப்பு' என்று கருவி குறித்திருந்தது. மூன்று வினாடி.

இருபத்து மூன்றுக்கு: "எங்க வீட்டுக்காரருக்குத்தான் போன் போயிக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துக்கு அவரு எடுக்க முடியாது, அவரு மெஷின்தான் எடுக்கும். அதான் நானும் என்னோடத விட்டுட்டேன்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. வெளியே யாரோ கவுண்டர் கண்ணாடியைத் தட்டினார்கள். ரிஸ்வானா எழுந்து போய், "கொஞ்சம் பொறுங்க, வருவாரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இருபத்து நான்குக்கு ஒரே ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது.

"அதுங்க பேசட்டும் விடுங்கக்கா, நல்லாத்தான் பேசும். நாங்க வீட்டுக்குப் போயிப் பேசிக்கிறோம்."