வில்லங்கம் இல்லாத வீடு

தொட்டித் தண்ணீர் மறுபடியும் வற்றிப்போயிருந்தது.

ஸ்டெல்லாமேரி மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள். நேற்று மாலைதான் லாரித் தண்ணீர் வாங்கி விளிம்பு வரை நிரப்பியிருந்தாள். இப்போது அடியில் ஈரம்கூட இல்லை. பல நாள் வெயிலில் கிடந்ததுபோல சிமெண்டு வெளுத்திருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, மூலைமூலையாகக் கையால் தடவினாள். கீறல் எதுவும் இல்லை. குழாய்களின் இணைப்பை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். எங்கும் ஒழுகவில்லை. தொட்டியைச் சுற்றியிருந்த மண் தூசியாகப் பறந்தது.

வாடகைக்கு ஆள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோவில்பட்டியில் தண்ணீர் இல்லாத வீட்டில் யார் தங்குவார்கள்?

குவைத்தில் யார் யாருடைய பிள்ளைகளையோ தூக்கி வளர்த்த சம்பாத்தியம் முழுக்க இந்த வீட்டில்தான் இருந்தது. நகை வாங்கு, சீட்டுப் போடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளுக்கு, கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது. நாற்கரச் சாலை வருகிறது, இடத்தின் விலை ஏறும் என்று தரகர் சௌந்தரபாண்டியன் இந்த வீட்டைக் காட்டினார். ஊர் முடிகிற தெருவில் கடைசி வீடு. அதற்குப் பின்னால் கரிசல் காடு மட்டும்தான். விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்ததால் அவள் இன்னும் கவனமாக இருந்தாள். வில்லங்கச் சான்று எடுத்தாள். தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டினாள். பங்காளிச் சண்டையோ வழக்கோ எதுவும் இல்லை. வாங்கிய பிறகு கொத்தனார் கூலி மிச்சம் என்று அவளே கலவை குழைத்துப் பூசினாள், வெள்ளையடித்தாள், குழாய் மாற்றினாள். அந்த வீட்டில் அவள் கை படாத சுவரே இல்லை.

வாடகைக்கு வந்திருந்த ராதாமணி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் பாண்டியராஜன் லாரி ஓட்டுகிறவன். இடுப்பில் பிள்ளையோடு அவள் வந்து வீட்டைப் பார்த்த அன்றே இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது.

"தண்ணியை எங்கனயும் தொறந்து விட்டுட்டியா, ராதாமணி?"

"இல்லக்கா. எங்களுக்கு ரெண்டு கொடமே போதும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "பின்வீட்டுக்காரவியதான் கேக்காவ. பிள்ளைகுட்டியோட நிக்கும்போது இல்லைன்னு சொல்ல மனசு வரல."

"எந்தப் பின்வீடு?"

ராதாமணி அடுப்படிச் சுவரை மோவாயால் காட்டினாள். "நீங்கதான் அவியளுக்கும் வாடகைக்கு விட்டிருக்கியன்னு நெனச்சேன். அவிய எப்போக்கா காலி பண்ணுவாவ? நாள் பூரா சாப்பிடுத சத்தம். பிள்ளை தூங்க மாட்டேங்கா."

ஸ்டெல்லாமேரிக்குச் சிரிக்கத்தான் தோன்றியது. ராதாமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

அவள் வெளியே வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். காய்ந்த பருத்திச் செடிகள் வரிசை வரிசையாக நின்றன. பாளம் பாளமாக வெடித்த கரிசல் மண் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை விரிந்து கிடந்தது. ஒரு குடிசைகூட இல்லை. வெயிலைக் குடித்திருந்த சுவர் தோசைக்கல்லாய்ச் சுட்டது. ஆனால் கீழே, தரையை ஒட்டி, ஓரிடம் மட்டும் ஈரமாகக் குளிர்ந்திருந்தது.

கசிவுதான். அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. உடனே கலவை குழைத்து வந்து குந்தி உட்கார்ந்து பூசினாள். கரண்டியை அழுத்தித் தேய்க்கும்போது உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. நெடுந்தூரம் நடந்து வந்தவர் சொம்பை அண்ணாந்து குடிக்கும்போது தொண்டையில் எழும் சத்தம். மடக். மடக். பிறகு ஒரு நீண்ட மூச்சு.

குழாய்ச் சத்தம் என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சுவரில் குழாய் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தரகரைப் பிடித்தாள். வானம் இருண்டு ஐப்பசி மழை மிரட்டிக்கொண்டிருந்தது. சௌந்தரபாண்டியன் டீயை ஆற்றியபடி அவள் சொன்னதைக் கேட்டார். பாதிக் கதையிலேயே அவர் கை நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, எனக்கு முன்னால அங்கன யாரு குடியிருந்தாவ?"

"நெறைய பேரு இருந்தாவம்மா."

"அவியெல்லாம் இப்ப எங்கன இருக்காவ?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "வந்ததைத்தான் எல்லாரும் பாத்திருக்காவ. காலி பண்ணினதை ஒருத்தரும் பாக்கல."

"பத்திரத்துல ஒண்ணுமே இல்லையே."

"பத்திரத்துல எடத்தை எழுதுவாவ. அங்கன இருக்கவியள யாரு எழுதப் போறா?" டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வித்துரலாம். வெளியூர்ப் பார்ட்டி ஒண்ணு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. வாய் தொறக்காம இருங்க. உங்க காசு உங்களுக்குத் திரும்பிரும்."

அவள் ஒரு கணம் அதை நினைத்தும் பார்த்தாள். அந்த நினைப்பே அவளைக் கூச வைத்தது. ராதாமணி இப்போது அடுப்படியில் இருப்பாள். பிள்ளை அந்தச் சுவரோரம்தான் விளையாடும். ஸ்டெல்லாமேரி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

தெருமுனையில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போய், பகலிலேயே வீடுகள் இருண்டிருந்தன. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. பாண்டியராஜன் லாரியிலிருந்து வந்திருக்கிறான் போல.

"ராதாமணி."

கூடத்தில் பாய் விரித்திருந்தது. மூன்று தட்டுகளில் சோறு. ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது. சின்னத் தட்டில் பிள்ளையின் விரல் பதிந்த குழம்புச் சோறு பாதி இருந்தது. சாப்பிட்ட வாயோடு எழுந்து போயிருக்கிறார்கள். எங்கே? சேலை கொடியில் தொங்கியது. பெட்டி மூலையில் இருந்தது. குடை ஆணியில் இருந்தது.

அடுப்படிப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

ஒருவர் சாப்பிடும் சத்தம் அல்ல. பந்தியில் கேட்கிற சத்தம். பேச்சு இல்லாத பந்தி. மெல்லும் சத்தம் மட்டும். நறநறவென்று, மணல் கலந்ததை மெல்வதுபோல.

ஓடிவிடு என்று கால் சொன்னது. பிள்ளை, என்று அவளே சொல்லிக்கொண்டாள். கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி அடுப்படிக்குள் கால் வைத்தாள்.

சுவரில் கதவு இருந்தது.

நிலை இல்லை. கீல் இல்லை. அவள் அடித்த சுண்ணாம்பே கதவாகத் திறந்திருந்தது. அவள் வெள்ளையடித்த மட்டையின் கோடுகள் சுவரிலிருந்து கதவுக்கும் தொடர்ந்து ஓடின. இடுக்கில் இருட்டு. புதுமழை விழுந்த மண்ணின் வாடை, வெளியே மழையிலிருந்து அல்ல, அந்த இடுக்கிலிருந்து வந்தது.

"அக்காவா?" உள்ளே ராதாமணியின் குரல். சாதாரணமான குரல்.

"வெளிய வா, ராதாமணி. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வா. இப்பமே."

"இப்பதானக்கா உக்காந்தோம்."

"பிள்ளையையாவது குடு."

இடுக்கு வழியாக ஒரு சின்னக் கை நீண்டது. ஸ்டெல்லாமேரி பாய்ந்து அதைப் பிடித்தாள். இழுத்தாள். கை வரவில்லை. சில்லென்றிருந்தது. கோடை மண்போல வெடித்திருந்தது. விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி மெதுவாக இறுகின.

கதவு தானாக அகன்றது.

மழை விழும் காடு அங்கே இல்லை. மின்னல் வெளிச்சம் எப்படியோ உள்ளே நுழைந்து ஒரு முறை காட்டியது. நீளமான அறை. தரையெல்லாம் கறுப்பு. அதில் சம்மணமிட்டு வரிசை வரிசையாக ஆட்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். வரிசை இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் குனிந்து, தங்கள் முன்னால் இருந்த தரையைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள்.

முதல் வரிசையில் இருந்த ராதாமணி நிமிர்ந்து சிரித்தாள். பல்லெல்லாம் கரிசல்.

அவள் சற்று நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவர் நகர்ந்தார். அதற்கடுத்தவர். மெல்லுவதை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், ஒருவர் பின் ஒருவராக, கண்ணுக்கெட்டாத கடைசி வரிசைவரை எல்லாரும் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

முன்னால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. ராதாமணி அதைத் தன் முந்தானையால் அக்கறையாகத் துடைத்துவிட்டு, உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.