பாதி அவன்... பாதி அவள்!

"எம்புள்ளைக்கி வெஷம் வெச்சது நீதாண்டி...!"

"வாய அளந்து பேசுங்க மாமா! பச்சையா என்னத்தையோ கரைச்சு ஊத்துனது நீங்கதான...!"

"அது கீழாநெல்லிடி..."

"நீங்க சொல்லிட்டா ஆச்சா?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!"

இன்ஸ்பெக்டர் வெங்கடசாமி மேஜையைத் தட்டினார்.

ஓசூர். காவல் நிலையம். பகல் மூன்று மணி.

ஆனந்தராஜ் லேத் ஆபரேட்டர். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவனை, யூனிஃபார்மோடு அழைத்து வந்திருந்தார்கள்.

மாதேஸ்வரி அவன் மனைவி. அவனுடைய அக்கா மகளும் அவளே.

அவர்களின் ஆறு வயது மகள் தேஜு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஈரல் கெட்டு, போன மாதம் செத்துப் போயிருந்தாள்.

தேஜுவின் சாவுக்குக் காரணம் கண்டறிய வந்திருந்த டாக்டர் சுப்ரியா ரிப்போர்ட்டைப் பிரித்தார்.

"வெஷமே இல்ல."

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"ஆனந்தராஜ்... உங்க கம்பெனிக்கு ராடு நீளமா வரும். வெட்டி, கடைஞ்சாத்தானே பார்ட் ஆகும்?"

"ஆமா மேடம்."

"உடம்புலயும் அதேதான். செல்லுக்குள்ள நியூக்ளியோலஸ்னு ஒரு பட்டறை. அங்க ஆர்.என்.ஏ. நீளமாத்தான் வரும். வெட்டிச் சரி பண்ணாத்தான் ரைபோசோம்ங்கிற புரதம் செய்யுற மெஷின் ஆகும். வெட்டுற எடத்துல நிக்கிற ஒரு புரதம், தேஜுவுக்குப் பொறக்கும்போதே கோளாறு. அதுலதான் ஈரல் போச்சு."

"யாரால மேடம்...?"

"பழுதான ஜீன் அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. ஒண்ணு மட்டும் இருந்தா ஒண்ணும் செய்யாது. உங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான். கொழந்தைக்கி ரெண்டும் சேர்ந்துருச்சு. ஒரே குடும்பத்து ரத்தம்..."

மாதேஸ்வரி சிரித்தாள். அழுகையைவிடக் கொடுமையான சிரிப்பு!

"சொந்தம் விட்டுப் போவக்கூடாதுன்னுதான் மேடம் கட்டி வெச்சாங்க..."

ஆனந்தராஜ் அவள் கையைப் பிடித்தான்.

"மாதேசு... உன்னப் போயி சந்தேகப்பட்டனே... மன்னிச்சிருடி."

அவள் முகம் சட்டென்று வெளுத்தது.

"சார்...! ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க சார்...!"

"என்னம்மா?"

"இவருதான் கொன்னாருன்னு நெனச்சு... காலைல இவரு டிபன் பாக்ஸ்ல... பூச்சி மருந்த..."

ஏட்டு குருமூர்த்தி பாய்ந்து ஆனந்தராஜின் பையைக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ் தரையில் உருண்டது.

காலி!

ஆனந்தராஜ் நாற்காலியை இறுகப் பற்றியபடி அவளையே பார்த்தான். நெற்றியெல்லாம் வியர்வை...

"எஞ்சோறு வாயில வெக்க வெளங்கலன்னு தெனமும் நாய்க்குக் கொட்டுவீங்களே மாமா... இன்னிக்கும் கொட்டிட்டீங்கதான...?"