விழும்போது விற்றவள்

விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டுத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த நஸீறாவின் முன்னால், வயலை விற்பதற்கான தாள்களைக் கணவன் ஜவாத் வைத்தான். “ஒப்பம் வை” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

கல்முனையில் இரும்புக்கடை வைத்திருப்பவன் ஜவாத். இரண்டு வருடத்துக்கு முன், டோஹாவில் வேலை செய்யும் தம்பி பஸாலின் பேச்சைக் கேட்டு, மனைவியின் சீதன வயலில் பாதியை விற்று அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பங்குகளை அவன் மூலம் வாங்கினான். அதில் சரிபாதி நஸீறாவுக்கென்று பேச்சு. போன மாசியில் விலை கிழமைக்குக் கிழமை சரிந்தது. பொறுத்தால் ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள். நஸீறா மட்டும் பஸாலுக்குப் போன் எடுத்துத் தன் பங்கை விற்றுக் காசை அனுப்பச் சொன்னாள். ஒரு மாதம் பொறுங்கள் மதினி என்று அவன் கெஞ்சியும் அவள் இணங்கவில்லை. மூன்றே மாதத்தில் விலை பழையபடி ஏறிவிட்டது.

விற்ற அன்று முதலே அவள் நட்டக்காரி. கல்யாண வீடுகளிலும் அதுவே கதை. பெற்ற மகள் றிஸ்லாகூட, ஏன் உம்மா அவசரப்பட்டீங்க என்று கேட்டாள். நஸீறா வேறு பேச்சுக்கு மாறினாள்.

இப்போது விலை மறுபடி விழுகிறது. விழும்போதுதான் வாங்க வேண்டும், நீ தொலைத்ததை நீதான் நிரப்ப வேண்டும் என்றான் ஜவாத். மிஞ்சிய வயலோ விதைப்புக்கு உழுது கிடந்தது. ஒப்பம் வைக்க மாட்டேன் என்றாள் அவள். இவளுக்குப் புத்தி சொல்ல வா என்று தன் மூத்த சகோதரி லைலாவைப் போனில் கூப்பிட்டான்.

லைலா ஆட்டோவில் வந்து இறங்கினாள். எப்போது விற்பது, எப்போது வாங்குவது என்று தெரியாத மனிசி என்று அவன் கொட்டித் தீர்த்ததையெல்லாம் நின்றபடியே கேட்டாள். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தக் காசு எங்க போன எண்டு தெரியுமா தம்பி? நான் உசிரோட இரிக்கிறதே அந்தக் காசாலதான்...”

மாசியில் அவள் மார்பில் கட்டி கண்டிருந்தது. தம்பிமாரிடம் சொல்லக் கூச்சம். உடனே வெட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி நஸீறாதான் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனாள். பங்கு விற்ற காசில் ஒப்பரேஷன் செய்வித்து, பதினொரு நாள் பக்கத்திலிருந்து ஊட்டினாள், துடைத்தாள்.

“ஆருக்கும் சொல்லப்படா எண்டு நான்தான் சத்தியம் வாங்கினன். நீ அவள ஏசக்குள்ள நானும் கேட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தன்... பாவி நான்.”

ஜவாத்தின் முகம் கறுத்தது. “ஏன் புள்ள எனக்கிட்ட சொல்லல்ல?” என்றான்.

நஸீறா அவன் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள்.

“வித்துப்போட்டாய் எண்டு ஏழு மாசம் ஏசினீங்க. ஏன் வித்தாய் எண்டு ஒரு நாள் கேட்டீங்களா? வில ஏறுமா இறங்குமா எண்டு எனக்குத் தெரியா. லைலா ராத்தாக்குப் பொறுக்க ஏலா எண்டு தெரியும். இண்டைக்கு அப்பிடி ஒண்டு வந்தாலும் இண்டைக்கும் விப்பன்.”

லைலா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். ஏழு மாதமாக அடக்கியது அப்போதுதான் நஸீறாவின் கண்ணிலும் உடைந்தது. ஜவாத் தாள்களை இரண்டாகக் கிழித்தான். மாப்புத் தா, மன்னிச்சுக்கொள் என்று தலை குனிந்து கேட்டான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“விதைக்க ஆக்கள் வந்திருப்பாங்க. வயலுக்குப் போய்ட்டு வாங்க... மத்தத பொறகு கதைப்பம்.”

அவன் வாசலில் இறங்கினான்.