சிமெண்டு மரத்தில் ஒரு மஞ்சள் கயிறு

"அத கட்டாதீங்க!"

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் ஆதிலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் முடிச்சு விழுந்துவிட்டது. இடுப்பளவே இருந்த அரசமரத்தின் கிளையில் அவள் கட்டிய மஞ்சள் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. திரும்பினாள். கையில் பெயிண்ட் டப்பாவோடு ஓர் இளைஞன். கோபத்திலும் குளுமையாக இருந்த இரண்டு கண்கள்... சே, இதையெல்லாமா இப்போது கவனிப்பது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"இது சிமெண்டு மரங்க. பொம்ம. இதுல போய் கட்டிக்கினு கீறீங்களே... மஞ்சா எறங்கி பெயிண்டெல்லாம் வீணாப் பூடுது."

"சிமெண்டுன்னு எங்களுக்குத் தெரியாதா? நீங்க மட்டும் கல்லுல செஞ்ச சாமிய கும்பிடறதில்லியா?"

வெடுக்கென்று வந்த பதிலில் அந்த இளைஞன், தாமோதரன், பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டான்.

உத்திரமேரூர் கடைத்தெரு நடுவே, தன் காலிமனையில் ஓய்வுபெற்ற ஓவர்சியர் பாண்டுரங்கன் இந்தப் பூங்காவைப் போட்டபோது ஊரே சிரித்தது. சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் இங்கே முழங்கால் உயரத்தில் இருந்தன. தாமல் ஏரி ஓர் அண்டா அகலம். சாலவாக்கத்து வயல்கள் ஒரு பாய் அளவு. அத்தனையையும் சிமெண்டில் செய்து, வண்ணம் பூசி, வாசலில் டிக்கெட்டும் கிழிப்பவன் ஓரிக்கைக்காரன் தாமோதரன். குட்டிப் பிள்ளையார் ஒன்றையும் பக்கத்தில் ஓர் அரசமரத்தையும் அழகுக்காக அவன் வைத்ததுதான் வினையாகிவிட்டது. எந்த மகராசியோ அதில் கயிறு கட்டிவிட்டுப் போக, அவள் மகளுக்கு அந்த மாதமே வரன் அமைந்ததாம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமையானால் பெண்கள் கூட்டம். பாண்டுரங்கனுக்கு டிக்கெட் விற்றால் சரி. தாமோதரன் மட்டும் சாயங்காலமானால் எல்லாக் கயிற்றையும் அறுத்துப் போட்டுவிடுவான். வேண்டுதல் பலித்துக் கயிற்றை அவிழ்க்க வந்து தேடுபவர்களிடம், மழையில் போய்விட்டது என்று கூசாமல் சொல்லுவான்.

ஆதிலட்சுமியை அழைத்து வந்தது அவள் அத்தை சிட்டம்மாள். வரன்கள் தட்டிக்கொண்டே போகும் அண்ணன் மகளுக்காக அத்தை ஏறாத கோயில் இல்லை. இப்போது பொம்மைக் கோயிலும் ஆயிற்று.

ஐப்பசி மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. மூவரும் டிக்கெட் கொட்டகைக்குள் ஓடினார்கள். எங்கும் பெய்கிற மழைதான்... ஆனால் இங்கே ஒவ்வொரு துளியும் ஒரு வீட்டுக் கூரையை நனைத்தது. ஆதிலட்சுமி தன் ஊர் சாலவாக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏரிக்கரை, களத்துமேடு, பஸ் நிற்கும் புளியமரம்...

"எங்க ஊர்ல ஜனங்களே கெடையாதா? ஒருத்தரையும் காணோம்?" என்றாள் மெல்ல.

"வூடு வாசல் வருதுங்க. மொகம் வர மாட்டேங்குது."

"பாத்தா வரும். நீங்கதான் யாரையும் நிமிந்தே பாக்க மாட்டீங்க போல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி நின்ற இமைகள்... உள்ளே குறும்பும் கூச்சமுமாக இரண்டு கருவிழிகள். அவள்தான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளி தவறாமல் வந்தாள். வேண்டுதலுக்கு விளக்கு வைக்க வேண்டும் என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டாள். அவனிடம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. பஸ் வரும்வரை ஒரு சிரிப்பு. அதை வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளி வரை ஓட்டிவிடுவாள்.

எல்லாம் அவள் அப்பா சடையப்பன் வந்து நிற்கும் வரைதான். தன் வீடு பூங்காவில் இருக்கிறதென்று யாரோ சொல்ல, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்க வந்தார். பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. பேச்சுவார்த்தையில்லாத பங்காளி இருசப்பன் வீடு, தம் வீட்டைவிட விரற்கடை உயரமாக நின்றது! ஊரே டிக்கெட் வாங்கி வந்து இதையா பார்ப்பது? இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டச் சொன்னார். உள்ளது உள்ளபடிதான் செய்திருக்கிறேன், மாற்ற முடியாது என்று தாமோதரனும் முறைத்துக்கொண்டான்.

"பொம்ம வெச்சி வெளையாடறவனுக்கு இவ்ளோ திமிரா? ஒனக்கெல்லாம் எவன்டா பொண்ணு குடுப்பான்?"

அவர் பொதுவாகத்தான் சொன்னார். அவனுக்கு அது நெஞ்சில் தைத்தது. அந்தப் பூங்கா வாசலை யாரும் மிதிக்கக் கூடாதென்று சடையப்பன் வீட்டில் சொல்லிவிட, ஆதிலட்சுமியின் வெள்ளிக்கிழமைகளும் அன்றோடு நின்றுபோயின.

சாலவாக்கம் டவுன் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் தாமோதரனின் கழுத்து தானாகத் திரும்பும். கூடைகள் இறங்கும், கோழிகள் இறங்கும்... அவள் இறங்கமாட்டாள். போய்ப் பார்க்கலாமா என்று மனம் அடித்துக்கொள்ளும். எவன் பொண்ணு குடுப்பான் என்ற வார்த்தை காலைக் கட்டிப்போடும். அங்கே அவளோ, களத்துமேட்டில் நின்று பஸ் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தால் என்ன, ஒரு தரம் வந்தால்தான் என்ன என்று உள்ளுக்குள் அழுதாள்.

மார்கழியில் தாமல் மாப்பிள்ளை வந்து பார்த்தார். பிடித்துவிட்டது. தை பிறந்ததும் நிச்சயம் என்று சடையப்பன் வாக்குக் கொடுத்தார். மகளிடம் யாரும் கேட்கவில்லை.

சிட்டம்மாளுக்கு வேறொரு கவலை. வேண்டுதல் பலித்தால் கட்டியவள் கையாலேயே கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் தாலி ஏறினால் குடும்பத்துக்கு ஆகாது. அண்ணனிடம் மன்றாடி மருமகளை உத்திரமேரூருக்கு அழைத்து வந்துவிட்டாள்.

வாசலில் அவளைக் கண்டதும் தாமோதரனின் முகம் மலர்ந்தது. அத்தை சொன்ன சேதியில் அப்படியே வாடியது.

"நல்லதுங்க," என்றான். வேறென்ன சொல்வான்?

அரசமரத்தருகே போன ஆதிலட்சுமி திகைத்து நின்றாள். மரமெங்கும் புதுப் பச்சை வண்ணம். ஒரு கயிறுகூட இல்லை... அவளுடையதைத் தவிர. வெளுத்துப்போய், சாயம் படாமல், அது மட்டும் கட்டியபடியே இருந்தது.

"எல்லாத்தையும் அறுத்துட்டு இத மட்டும் ஏன் வுட்டீங்க?"

"கை வரல."

அந்த இரண்டு வார்த்தையில் அவள் கண்கள் நிரம்பிவிட்டன.

அவிழ்க்கச் சொல்லி அத்தை அவசரப்படுத்தினாள். ஆதிலட்சுமி கையைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டிக்கினது நடந்தாத்தான அத்த அவுக்கணும்?"

"அதான் தாமல் எடம் அமைஞ்சிடுச்சேடி."

"கட்டும்போது நான் எதையும் வேண்டிக்கில. இவரு போட்ட சத்தத்துல மறந்து பூட்டேன். பஸ்ஸுல திரும்பிப் போறப்பதான் வேண்டிக்கினேன்."

"இன்னான்னு?"

ஆதிலட்சுமி தாமோதரனைப் பார்த்தாள். இந்த முறை தலை குனியவில்லை.

"இவரு வேணும்னு."

சிட்டம்மாள் மரத்தையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தாள். தெய்வத்திடம் போட்ட கணக்கை அவளால் எப்படி மாற்ற முடியும்?

இத்தனை நாள் வறட்டு கௌரவத்தைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெண்ணை அழவைத்தேனே என்று தாமோதரனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"எனுக்கும் ஒன்னத் தவிர யாரும் வேணாம் லட்சுமி. ஒங்க நைனாவுக்கு அந்த வூடுதான் கொறையின்னா... இடிச்சிட்டுப் பெருசாவே கட்டிக் குடுத்துடறேன்."

அவள் கண்ணீரோடு சிரித்தாள்.

"அத ஒண்ணும் பண்ணாதீங்க. நெசமாவே எங்க வூடு சின்னதுதான். நைனா திட்டுவாரு, அடிக்கக்கூட வருவாரு... நீங்க வந்து பொண்ணு கேளுங்க. நான் பக்கத்துல வந்து நிக்கறேன்."