செப்டெம்பர் டீசல்

பிளாஸ்கில் மிஞ்சியிருந்த தேத்தண்ணியை டீசல் ஃபில்டரின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் சச்சிதானந்தனுக்கு அந்தத் தட்டல் முதலில் கேட்டது. டக், டக், டக். டீசல் எஞ்சின் என்றால் தட்டத்தானே செய்யும் என்று அவன் பாட்டுக்கு ஊற்றினான். பிறகுதான் உறைத்தது. எஞ்சின் நின்று அரை மணி நேரமாகிவிட்டது.

எஞ்சினின் மேல்மூடியான பொனற்றைப் பிடித்தபடி காது கொடுத்தான். கனடாவின் பிக்கரிங் நகரில் மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு, யூனியன்வில் பக்கமாக மில்லிக்கனுக்குத் திரும்பும் குறுக்கு வீதி. இரு புறமும் பனி மூடிய வயல்; ஐந்தரை மணிக்கே கரி பூசினாற்போல் இருட்டு. தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஜனவரிக் குளிர், மூக்குத் துவாரத்து மயிரைக்கூடக் கம்பியாக்கியிருந்தது. மண்ணெண்ணெய் போலவும் மீன் செதில் போலவும் ஒரு வாடை லொறியைச் சுற்றி நகராமல் நின்றது. ஊற்றிய தேத்தண்ணி வழிந்த இடத்திலேயே பழுப்புக் கண்ணாடியாகிவிட்டது.

குளிரில் இரும்பு சுருங்கினால் சத்தம் போடும். அதற்கு மேல் யோசிக்க அவனிடம் தெம்பில்லை. இரவு முழுக்கத் தொழிற்சாலையில் நின்றவன். விடிந்ததும் லொறியில் ஏறியவன்.

டோர்ச் அடித்து ஃபில்டருக்குக் கீழே இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தான். உள்ளே டீசல் ஆட்டுக் கொழுப்பு மாதிரி வெளுத்துக் கட்டிபட்டிருந்தது. லொறிக்காரர் தியாகலிங்கம் செப்டெம்பரில் மலிவாக வாங்கி பீப்பாயில் போட்டுவைத்த கோடைக்கால டீசல் அது. ஆனால் அவரைப் பிழை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மனிசன். எண்ணெயை மணந்தே தரம் சொல்லுவார். காலையிலேயே, டீசல் குளிரில் உறையாமலிருக்கக் கலக்கும் மருந்துப் போத்தல் ஒன்றைக் கையில் தந்து படித்துப் படித்துச் சொன்னார்.

“முதல் மருந்தை ஊத்து, பிறகு டீசலை விடு. கட்டிபட்டாப் பிறகு ஊத்தி வேலையில்லை.”

டீசலை விட்டான். மருந்தை மறந்தான். போத்தல் இன்னும் மூடி திறக்காமல் அவனுடைய ஜக்கெற் பையில் கனத்தது. சொல்லவும் பயம். கொழும்பில் காத்திருக்கும் மனைவி குணவதியைக் கனடாவுக்கு எடுக்க, தியாகலிங்கம் எழுதித் தரப்போகும் வேலைக் கடிதம் ஒன்றைத்தான் அவன் நம்பியிருந்தான்.

லொறி இருமி இருமி நின்றபோது, பக்கத்து சீட்டில் வந்த அவர் ஏசவில்லை. சந்தியில் காஸ் ஸ்டேசன் இருக்கிறது, கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் மண்ணெண்ணெய் வாங்கி வருகிறேன், கலந்தால் கொஞ்சம் இளகும் என்றார். “நித்திரை கொண்டிடாதை. உன்னைச் சுமக்க என்ரை முதுகு நாரியில பெலனில்லை,” என்று சிரித்துவிட்டு இறங்கினார். சச்சிதானந்தன் ஸ்டியரிங்கில் தலை வைத்தான். ஒரு நிமிடம்தான் என்று நினைத்தான். திடுக்கிட்டு இறங்கியபோது அவர் இல்லை. தூக்கத்திலிருந்து மீளாமலே கைகள் பழகிய வேலைகளைச் செய்தன: சில்லு உருளாமல் கட்டை, பின் கதவுக்கு வெளிக் கொளுக்கி, பிறகு பொனற். மில்லிக்கன் பிளாசாவில் இரண்டு பெட்டி மீன் களவு போனதிலிருந்து, கொளுக்கியைப் போடாமல் லொறியைச் சுற்றக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

டக், டக்.

இந்த முறை இரண்டு. இடைவெளியும் நீண்டிருந்தது.

டோர்ச்சை வீதியோரம் திருப்பினான். சந்திப் பக்கம் பனி மடித்துவைத்த வேட்டி போல் கிடந்தது. ஒரு சப்பாத்துத் தடம்கூட இல்லை. காற்று மூடியிருக்கும் என்று நினைத்தான். அவனுடைய அடிகள் மட்டும் லொறியைச் சுற்றித் தெளிவாக இருந்தன. காற்று அவற்றை மூடவில்லை.

விரல்கள் மரத்துவிட்டன. ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான். அவனுடைய மூச்சு கண்ணாடியில் வெள்ளையாய்ப் படர்ந்தது.

கண் செருகியிருக்க வேண்டும். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. குளிர் உள்ளே வரவில்லை. பக்கத்து சீட்டில் தியாகலிங்கம் இருந்தார். மடியில் கேன்.

“வந்திட்டியளோ அண்ணை?”

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் களைத்த முகத்தைக் கண்டதும் நாளெல்லாம் அடைத்து வைத்திருந்தது அவன் வாயை விட்டு வந்துவிட்டது.

“மருந்து... நான் ஊத்தேல்லை அண்ணை. மறந்திட்டன்.”

“தெரியும். உது பரவாயில்லை.”

நெஞ்சு லேசானது. கேனை வாங்கக் கை நீட்டினான். வெறும் கேன். அப்போதுதான் கவனித்தான். அவனுடைய வாயிலிருந்து புகை எழுந்தது. அவர் பேசியபோது எழவில்லை. அவர் பக்கத்துக் கண்ணாடி, ஆளே இல்லாதது போல் தெளிவாக இருந்தது.

டக்.

முதுகுக்குப் பின்னால். மீன் ஏற்றும் பெட்டியின் கனத்த சுவருக்கு அப்பால்.

அவருடைய வலது முஷ்டி மடியிலிருந்து மெல்ல எழுந்தது. விரல் மொளிகளில் தோல் இல்லை. முஷ்டி கேனின் மேல் இறங்கியது. கேனில் சத்தம் வரவில்லை.

டக்.

பின்னால்.

“அண்ணை... உது என்ன?”

“நான்தான்.” குரலில் கோபமில்லை. களைப்பு மட்டும். “கேன் பின்னால பெட்டிக்குள்ள மூலையில கிடந்தது. எடுக்க ஏறினனான்.”

முஷ்டி மறுபடி எழுந்தது. முன்னையதைவிட மெதுவாக. பாதியில் நின்றது.

“பின் கதவின்ரை உள் கைபிடி உடைஞ்சது உனக்குத் தெரியும்தானே தம்பி. பிறகேன் கொளுக்கியைப் போட்டனீ?”

சச்சிதானந்தன் கதவுப் பிடியைத் தேடினான். கைக்கு அகப்படவில்லை. தேடினான்.

அவருடைய மடியில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

அவன் காத்திருந்தான். பின்னால் தட்டல் வரவில்லை.