கீழ் இழுப்பறை

மழைக்காலத்தில் கிரி என்னும் லேசான மரத்தில் செய்த அலமாரியின் இழுப்பறை தானாகத் திறக்காது. அலமாரி வேலைக்குப் பேர்போன காமோ ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஈரத்தில் மரம் ஊதிக்கொள்ளும்; இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் முனகிக்கொண்டு வரும். எட்டு நாளாக விடாத மழை. ஆனாலும் மிசாவோ இறகுத் துடைப்பத்தோடு அறைக்குள் வந்தபோது மேல் இழுப்பறை இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தள்ளி மூடினாள். காற்றுப் புகாத வேலைப்பாடு அது. ஒன்றை மூடினால் உள்ளே அடைபட்ட காற்று இன்னொன்றை வெளியே தள்ளும். உஸ்ஸென்று மூச்சு விட்டபடி கீழ் இழுப்பறை அவள் முழங்காலருகே வந்து நின்றது. அதிலிருந்து கற்பூரமும், பழைய பட்டும், இன்னதென்று அவள் நினைக்க விரும்பாத மருந்து வாடையும் வந்தன.

நாளை மாமியார் ஹத்சுயேவுக்கு நாற்பத்தொன்பதாம் நாள். காரியம் முடிந்ததும் அலமாரி நாத்தனார் ரிட்சுகோ வீட்டுக்குப் போகிறது. ஹத்சுயே கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. மகளுக்குச் சேர வேண்டியதுதான். மிசாவோவுக்கு அதில் வருத்தமில்லை. எப்போது தொலையும் என்றுதான் காத்திருந்தாள்.

காலையில்தான் ரிட்சுகோ போன் செய்திருந்தாள்.

"ஈரத்துணி மட்டும் வேணாம் மிசாவோ. கறை ஏறினா போகவே போகாது. அம்மா கையைத் துடைக்காம அதுகிட்டகூடப் போகமாட்டா." கொஞ்சம் நிறுத்தி, "கஷ்டப்படாமப் போனாளே, அது போதும். நீ பக்கத்துலயே இருந்தியே."

"ஆமா அண்ணி. தூக்கத்துலயே போயிட்டாங்க."

ஏழு வாரமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் வழவழப்பாகிவிட்டிருந்தது.

வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன பிறகு, இரண்டு வருஷம் ஹத்சுயேயின் தரைப்படுக்கை அலமாரியை ஒட்டித்தான் கிடந்தது. திறந்து வைத்த கீழ் இழுப்பறையை இடது கையால் தள்ளுவாள். மேலே உள்ளது வெளியே வரும். அதன் இரும்புக் கைப்பிடி டக்கென்று அடிக்கும். சமையலறைக்குக் கேட்கும். மிசாவோ வந்து, வேண்டியதைச் செய்து, மேல் இழுப்பறையை மூடி, கீழுள்ளதை மறுபடி திறந்துவிட்டுப் போவாள். அதுதான் அவர்கள் வீட்டு அழைப்பு மணி.

கடைசி நாள் மத்தியானமும் டக்கென்று கேட்டது. மிசாவோ அப்போதுதான் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். "வரேன், இருங்க" என்று குரல் கொடுத்தாள். எழுந்திருக்கவில்லை. பிறகு வெறும் உள்ளங்கை மரத்தில் அறையும் சத்தம், மெதுவாக, திரும்பத் திரும்ப. கிழம் ஒரு வாய் தேநீர் குடிக்க விடுகிறதா பார் என்று நினைத்தாள். சத்தம் நின்றபோது அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கையின் தடம் இன்னும் மரத்தில் இருந்தது. வியர்வையில் நனைந்த நாலு விரல், கீழ் இழுப்பறையின் முகப்பில், தேநீர் நிறத்தில். ரிட்சுகோ பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துகொள்வாள். தூங்கிக்கொண்டே செத்தவள் இப்படி அறைந்திருக்க மாட்டாள்.

உலர்ந்த துணியால் தேய்த்தாள். அழி ரப்பரால் தேய்த்தாள். விரல்கள் அசையவில்லை. மணி மூன்றாயிற்று, மழையில் அறை மங்கியது. கடைசியில், எது கூடாதோ அதைச் செய்தாள். துணியை நனைத்துப் பிழிந்து வைத்து அழுத்தினாள்.

மரம் ஆசையாகக் குடித்தது. நாலு விரலுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு தெரிந்தது. அதற்கு மேல் ஓர் உள்ளங்கை. நனைய நனைய முகப்பு முழுவதும் கைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அவள் இவ்வளவு எண்ணவில்லையே. தேநீர் ஆறும்வரை மாமியார் இவ்வளவு தடவையா கூப்பிட்டாள்?

"அத்தை, மன்னிச்சிடுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு புரளவில்லை.

துணி நழுவியது. எடுக்கப் போனாள். வலது கை வரவில்லை. வலது காலும் மடங்கியது. படுக்கை கிடந்த இடத்தில், படுக்கை கிடந்த வாக்கில் சரிந்தாள். கன்னத்தில் பாயின் ஈரம்.

வீட்டில் யாருமில்லை. கணவன் மரப்பட்டறையிலிருந்து வர ஆறு மணியாகும்.

எட்டியது ஒன்றுதான். இடது கையைத் தூக்கினாள். ஈரக் கறையில் பதித்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. தள்ளினாள்.

உஸ்.

டக்.

சமையலறையில் ஏதோ அசைந்தது. கெட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம். யாரோ தேநீரை ஊதும் சத்தம். நிதானமாக. இரண்டு வருஷம் பேசாத குரல், கொஞ்சமும் குழறாமல், தெளிவாகச் சொன்னது:

"வரேன், இரு."

மிசாவோ காத்திருந்தாள். நாற்காலி நகரவில்லை. மறுபடி உள்ளங்கையால் அறைந்தாள். மறுபடி. கோப்பையை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, இன்னொரு தடவை ஊற்றும் சத்தம்.