கையை எடுத்தால் கத்தி போய்விடும்

"ஐயையோ... யாரைக் கேட்டு அதைத் திறந்தேள்?"

மதுவந்தி போட்ட சத்தத்தில் மிக்கேலின் கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது. தி.நகர் ரங்கநாதன் தெருவில், ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ரிப்பேர் கடை அது.

"தெறக்காம எப்டிங்க பாக்கறது? ரிப்பேருக்குக் குடுத்துட்டு இன்னாத்துக்கு சத்தம் போடறீங்க?"

கோபமாகத்தான் நிமிர்ந்தான். கோபம் அப்படியே அணைந்துபோயிற்று. ஐப்பசி மழையில் நனைந்த முகம்... அழப்போகிறதா, அடிக்க வருகிறதா என்று தெரியாத இரண்டு கண்கள்!

பிரச்சினை இதுதான். ஜப்பானிலிருந்து சித்தப்பா வாங்கி வந்த உள்ளங்கை அகல வீடியோ கேம். அதில் ஒரு கொல்லன் மகள். மலையில் இரும்புக்கல் பொறுக்கி, உருக்கி, அடித்து, தானே கத்தி செய்துகொண்டு குகைக்குள் போய்ச் சண்டை போடுவாள். எட்டு மாதம் பாடுபட்டு மதுவந்தி செய்த கத்தி, அதில் செருகும் கேம் கேசட்டின் ஞாபகத்தில் இருந்தது. ஞாபகத்தைக் காக்கும் குட்டி பேட்டரியோ சாகக் கிடந்தது.

"பேட்டரியை மாத்தினா கத்தி அழிஞ்சுடும்னு நாலு கடையில சொல்லிட்டா..."

"வெளிய இருந்து கரண்ட் குடுத்துகினே மாத்தலாங்க. பயப்படாதீங்க."

இரண்டு பென்சில் பேட்டரி, இரண்டு கம்பி. கம்பிகளை இடது கை விரல்களால் அழுத்திக்கொண்டு, ஈயம் உருக்கும் சால்ட்ரிங் ராடால் பழைய பேட்டரியைக் கழற்றினான். புதியதைப் பொருத்தப் போனான்... கரண்ட் போனது. ராடு ஆறத் தொடங்கியது; அது திரும்பச் சூடாகும்வரை கம்பிகளை விடக் கூடாது.

"கம்பி நழுவுது! ஒண்ண நீங்க அழுத்திப் புடிங்க... சீக்கிரம்!"

மதுவந்தி ஒரு கணம் தயங்கினாள். பிறகு அழுத்தினாள். தபால்தலை அளவு இடத்தில் அவள் விரலும் அவன் விரலும்...

அந்த ஒரு கணத் தயக்கம் மிக்கேலைச் சுட்டுவிட்டது.

"எங்கம்மா நொச்சிக்குப்பத்துல மீன் விக்கிறாங்க. அதான் தொட யோசிச்சீங்களா?"

"அதில்லை..." அவள் குரல் இறங்கியது. "எனக்கு டி.பி. வந்தது. எட்டு மாசம் தனி ரூம், தனித் தட்டு. நிச்சயம் பண்ணினவா சொல்லாமக் கொள்ளாம விலகிட்டா. போன மாசம் டாக்டர் பூரண குணம்னுட்டார். ஆனா ஆத்துல இன்னும் என் டம்ளரைக்கூட யாரும் தொடறதில்லை. உங்களுக்குத் தெரிஞ்சா கையை எடுத்துடுவேளோன்னு..."

மிக்கேல் அவளைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"எடுத்தா கத்தி பூடுமேங்க!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!

எதிர் டீக்கடையில் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. கடைக்கார ஹபீபுர் ரஹ்மான் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "எதுனா வேணுமா மிக்கேலு?"

"ஒண்ணும் வாணாம் பாய்."

அவர் போய்விட்டார். மதுவந்தி பேசிக்கொண்டே இருந்தாள்.

"கத்தி உடைஞ்சா அந்தப் பொண்ணு அழமாட்டா. திரும்ப உலையை மூட்டுவா. அவளைப் பார்த்துண்டுதான் நானும் தினம் மாத்திரையை முழுங்கினேன். பொம்மைக்கு எப்படி நன்றி சொல்றது, சொல்லுங்கோ? அந்தக் கத்தியையாவது காப்பாத்தணுமோன்னோ..."

ஒரு மணி நேரம். விரல் மரத்துப்போனது. மழை கொட்டியது. கரண்ட் வரக் கூடாதே என்று மனசு வேண்டிக்கொண்டது... யாருடைய மனசு?

வந்துவிட்டது. ராடு சூடேறியது. ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. திரையில் அந்தக் கத்தி மின்னியது, ஒரு கீறல் இல்லாமல்!

மதுவந்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. "ரொம்ப நன்றி... நீங்க எனக்கு எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கேள்னு உங்களுக்கே தெரியாது."

"நன்றியெல்லாம் வாணாங்க." மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஒரு தப்பு பண்ட்டேன். பாய் வந்தப்ப இந்த ராட குடுத்து, அவரு அடுப்புல காய்ச்சித் தரச் சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். ஞாபகம் வந்துச்சு... ஆனா கைய எடுக்க மனசு வர்ல. உங்கள புடிச்சிப் போச்சுங்க."

"எனக்குத் தெரியும்."

"இன்னாது?"

"எட்டு மாசம் கொல்லுப் பட்டறையில கிடந்தவளுக்கு இரும்பை எதுல காய்ச்சறதுன்னு தெரியாதா? நானுந்தான் வாயைத் திறக்கலையே..."

அவள் கன்னம் சிவந்தது. மேஜைமேல் மெதுவாகக் கையை நீட்டினாள்.

"இப்போ கம்பி எதுவும் இல்லை... பிடிச்சுக்கறேளா?"

மிக்கேல் பிடித்துக்கொண்டான்.